இரும்புலியூர் வீட்டுக்கு நான் போட்ட ஒரு போன்

"பழைய கட்டடங்களைப் படமெடுக்கவோ வரையவோ தாம்பரம் பக்கம் வரலாம் என்றிருக்கிறேன், எங்கெங்கே போகலாம்?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது இந்த வலைப்பூவுக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கான பதில்தான் இது. பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எரிச்சலையும் சேர்த்தே எழுதுகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் தயாராகாமல் போய் நிற்பீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஓர் அறிமுகம். வாரத்தில் ஆறு நாள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏழாவது நாள் ஒரு கேமரா, இரண்டு மைப்பேனா, ஒரு சின்ன வாட்டர்கலர் டப்பா. புதுக் கட்டடம் எதையும் நான் வரைவதில்லை. மழையும் வெயிலும் பட்டு, காரை பெயர்ந்து, ஜன்னல் கோணிய பிறகுதான் ஒரு கட்டடத்துக்கு முகம் வருகிறது என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரே ஒரு வீடு. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, மேற்கே பார்த்து நிற்கிறது. தினமும் காலை எங்கள் கம்பெனி பஸ் அந்த இடத்தில் நெரிசலில் மாட்டி மூன்று நிமிடமாவது நிற்கும். ஒன்பது வருடமாக அந்த மூன்று நிமிடமும் நான் அந்த வீட்டைத்தான் பார்த்தேன். இரண்டு அடுக்கு, சுண்ணாம்புக் காரை, மாடியில் மரச்சட்டங்கள் வைத்த நீண்ட வராந்தா. உச்சியில் காரையால் செய்த இரண்டு கிளிகள், அதில் ஒன்றுக்குத் தலை கிடையாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கீழ் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர். மேலே காவி நிறம், அது உரிந்த இடத்தில் மஞ்சள், மஞ்சள் உரிந்த இடத்தில் நீலம், நடுவில் செங்கல். ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் நீலம் ஒரு சாண் பெரிதாகும். அழுக்குக் கண்ணாடி வழியாக என் போனில் எடுத்த படங்கள் இருநூறுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

பிப்ரவரி ஆரம்பத்தில் அந்த வீட்டுக் கேட்டில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். இந்த இடத்தில் விரைவில் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஐந்து மாடி, கார் நிறுத்தும் வசதியுடன். வீட்டை ஒட்டினாற்போல் ஒரு ஹார்டுவேர் கடை உண்டு, அதன் பெயர்ப் பலகையில் இருந்த எண்ணுக்கு அன்று மத்தியானமே போன் செய்தேன். கடைக்காரர்தான் வீட்டுக்காரர். ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

"ஐயா, உங்க வீட்டை இடிக்கிறதுக்கு முன்னால நல்லா ஒரு போட்டோ எடுத்து, படமாவும் வரையணும். இந்த ஞாயித்துக்கிழமை வரலாமா?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டையா?" என்றார். பிறகு, "இந்த வாரம் வேணாம்மா. ரெண்டு வாரம் டைம் குடுங்க. மாசக் கடைசி ஞாயிறு வாங்க" என்றார்.

கடைக்காரர், வேலை இருக்கும் என்று நினைத்து நன்றி சொல்லி வைத்துவிட்டேன். முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள் என்று உங்களுக்கெல்லாம் ஆயிரம் முறை எழுதியவள் நான்.

இனி பயணம். வீடு மேற்கே பார்த்தது என்பதால் மாலை நாலரை மணி வெயில்தான் அதற்குச் சரி. அதுவரை சும்மா இருப்பானேன் என்று காலையில் சிங்கப்பெருமாள் கோவில், மத்தியானம் கிழக்குத் தாம்பரம் என்று திட்டம். மேடவாக்கத்தில் என் வீட்டிலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் பத்து கிலோமீட்டர், பஸ்ஸில் பதினைந்து ரூபாய். 5.55க்குச் செங்கல்பட்டு ரயில், டிக்கெட் பத்து ரூபாய், சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது 6.35. ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் ஜன்னல் ஓரம் தாராளமாகக் கிடைக்கும்.

நரசிம்மர் குடைவரைக் கோயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சன்னதிக்குள் கேமராவை எடுக்கக் கூடாது, அது நியாயம். கும்பிட்டுவிட்டுக் குன்றைச் சுற்றி வந்தேன். நான் தேடிப் போனது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் ஓட்டு வீடு. மரத்தூண்கள், தாழ்ந்த கூரை, வாசலில் ஒரு பவழமல்லி. ஆறு மாதம் முன்பு பார்த்து மனசில் குறித்துவைத்திருந்தேன். இப்போது போனால் வீட்டைக் காணவில்லை. கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். காதணி விழா. இரண்டு குழந்தைகள், சுற்றிலும் பாஸ்போர்ட் அளவில் நாற்பது மாமன்கள். எல்லா மாமன்களும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், ஐந்து நிமிடம் பேனரைத் தூக்கிப் பிடித்தால் போதும் என்றேன்.

"அத ஏன் தூக்கணும்? போட்டோதானே வேணும்? இதுல எல்லாரும் கீறாங்களே, இதையே எடுத்துக்கங்க" என்றார்.

வீடு வேண்டும் என்று விளக்கினேன். "விசேஷம் முடிஞ்சு போச்சு. ஆனா பேனரை மாமா வந்துதான் அவுக்கணும், இல்லாட்டி கோச்சுக்குவாரு" என்றார். நாற்பது பேரில் எந்த மாமா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. தூண் ஒன்றின் கால் மட்டும் பேனருக்குக் கீழே தெரிந்தது, அதை வரைந்துகொண்டு கிளம்பினேன். காலைச் சாப்பாடு இரண்டு இட்லி, ஒரு வடை, காப்பி, அறுபது ரூபாய். அந்த வடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடி தாம்பரம் வந்தபோது பதினொன்று இருபது. கிழக்குப் பக்கம் இறங்கி ஓர் ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் பெயர் தாஸ், ஐம்பது வயது இருக்கும். மாலை வரை கூடவே இருக்க 900 ரூபாய் கேட்டார், 750க்கு ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. காத்திருப்பதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், வரைவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியாது.

கிழக்குத் தாம்பரத்தின் உள்தெருக்களில் பெரிய தோட்டத்தோடு இருந்த பங்களாக்கள் இன்னும் ஒன்றிரண்டு பாக்கி. அதில் ஒன்றைப் போன வருடம் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்திருந்தேன். ஆளுயர ஜன்னல்கள், கல் பாவிய படிகள். இந்தத் தடவை கேட் திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் முன்சுவரில் பாதி உயரத்துக்குக் குளியலறை டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். இளநீலம், நடுநடுவே மீன். மேல் பாதி பழைய வீடு, கீழ்ப் பாதி குளியலறை. சரி, மேல் பாதியையாவது வரைவோம் என்று மடக்கு நாற்காலியைத் தெருவோரம் போட்டு உட்கார்ந்தேன்.

நாலு கோடு போட்டிருப்பேன். உள்ளேயிருந்து ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "மேடம், அளவு எடுக்கிறீங்களா? வீட்டு வரி போன மாசமே கட்டியாச்சு. ரசீது காட்டட்டுமா?"

"இல்ல சார், நான் சும்மா படம் வரையறேன்."

"சும்மா யாரு வரைவாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அவர் உள்ளே போய் ரசீதையே கொண்டுவந்து என் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தார். அந்த ரசீதைப் படித்து, கையெழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் அவர் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் எனக்குக் கோடு நேராக வராது. எழுந்துவிட்டேன்.

தாஸ் இதையெல்லாம் ஆட்டோவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாக்கா நீங்க? பாழாப்போன வூட்டையா தேடித் தேடிப் போறீங்க. பெரும்பாக்கம் பக்கம் வாங்க, எங்க ஹவுசிங் போர்டு பிளாக் கீது. எட்டு மாடி. அங்க நின்னு எடுத்தா எவனும் இன்னான்னு கேக்க மாட்டான்."

"அது புதுசு அண்ணா. எனக்குப் பழசு வேணும்."

"புதுசுதான். ஆனா நீங்க வந்து பாருங்க, அதுவும் பழசாயிகினுதான் கீது" என்று சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கும் சிரிப்பு வந்தது. சேலையூர் பக்கம் ஒரு மெஸ்ஸில் இருவரும் சாப்பிட்டோம், மீன் குழம்போடு சாப்பாடு 120 ரூபாய். எப்படியும் இரும்புலியூர் இருக்கிறதே, அந்தச் சுவர் கிடைத்தால் இந்த எரிச்சலெல்லாம் கணக்கில் வராது என்று தாஸிடம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். காவி, மஞ்சள், நீலம், செங்கல் என்று விரலால் மேஜைமேல் வரைந்தும் காட்டினேன்.

மேம்பாலம் ஏறி மேற்குப் பக்கம் வந்து, இரும்புலியூர் போய்ச் சேர்ந்தபோது 3.40. தாம்பரம் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. நான் தலையை வெளியே நீட்டி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தேன். வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "எந்த வூடுக்கா? நாம தாண்டிக்கினு வந்துட்டோம் போல" என்றார் தாஸ். திருப்பிக்கொண்டு வந்து மறுபடி தேடினோம். ஒன்பது வருடம் பார்த்த வீட்டை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடித்தே விட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

"அதோ, அந்தப் பச்ச வூடுதானே? மேல கிளி கீது பாருங்க" என்றார் தாஸ்.

கிளி இருந்தது. இரண்டு கிளிக்கும் தலை இருந்தது. புதிதாக சிமென்ட்டில் ஒரு தலை செய்து வைத்திருந்தார்கள், பார்க்கக் கோழி மாதிரி. வீடு முழுக்கப் பளிச்சென்று கிளிப்பச்சை. ஜன்னல் விளிம்புகள் கத்திரிப்பூ நிறம். மாடி வராந்தாவின் மரச்சட்டங்களுக்கு எண்ணெய் பெயிண்ட், தேன் நிறத்தில். என் சுவர், அந்தக் காவி, அந்த மஞ்சள், அந்த நீலம், எல்லாம் பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட்டிங் அடித்து, பாட்டில் கண்ணாடி போல வழவழவென்று நின்றது.

வாசலில் வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஏகாம்பரம் நின்றிருந்தார். எழுபது வயதுக்கு நல்ல திடம். "வாங்கம்மா, வாங்க. சொன்ன டைமுக்கு வந்துட்டீங்க. நேத்து சாயங்காலம்தான் ரெண்டாவது கோட்டிங் முடிஞ்சுது. ஈரம் காயணுமேன்னு எனக்கு ஒரே ரோதனை."

"ஐயா, வீட்டை இடிக்கப் போறீங்கதானே?"

"ஆமாம்மா. இன்னும் பதினஞ்சு நாள்ல எறங்கிடுவானுங்க. நாங்க வாடகைக்குக் கூடப் பார்த்தாச்சு."

"அப்புறம் எதுக்கு ஐயா இப்ப பெயிண்ட்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்க போட்டோ புடிக்க வரேன்னு சொன்னீங்களேம்மா. அழுக்கா கீற வூட்டையா போட்டோ புடிப்பாங்க?"

நான் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு போன். நான் போட்ட ஒரே ஒரு போன். வாயை மூடிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தெருவில் நின்று எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தச் சுவர் என்னிடம் இருந்திருக்கும். இடிக்கிறவன் வருவதற்கு முன்னால் நானே அதை அழித்துவிட்டேன். அதற்கு இரண்டு வாரம் அவகாசமும் கொடுத்திருக்கிறேன்.

"பேஜாராவாதீங்கக்கா. வூடு சோக்காத்தான் கீது" என்றார் தாஸ். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அவரைக் கடிக்கலாம் போல் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள், போகாமல் இருக்க முடியாது. ஏகாம்பரத்தின் மனைவி வசந்தா பட்டுச் சேலையில் இருந்தார். தலையில் மல்லிகைப்பூ. தட்டில் சொஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்து நீட்டினார். மகள் கோமதி, நாற்பதைத் தாண்டியவர், ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். அவர் மட்டும் சாதாரணக் காட்டன் சல்வாரில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"அம்மா, அவங்க வேற எதையோ எதிர்பார்த்து வந்திருக்காங்க" என்றார்.

"இன்னா எதிர்பார்த்தாங்க? ஏம்மா, கலர் புடிக்கலையா? நான்தான் எடுத்தேன் கலரு" என்று வசந்தா என்னைப் பார்த்தார். பிடித்திருக்கிறது என்றேன். இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு அந்தச் சொஜ்ஜியை விழுங்குவது சுலபமாக இல்லை.

அதற்குள் தாஸ் வாசலிலிருந்து கூப்பிட்டார். அவர் வீட்டைச் சுற்றி வந்திருக்கிறார். "அக்கா, அந்தாண்ட சந்து பக்கம் போய்ப் பாருங்க. நீங்க கேட்ட அழுக்கு அங்க கொஞ்சம் கீது."

ஓடினேன். வீட்டுக்கும் கடைச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, இரண்டரை அடி அகலம். ஏணி நிறுத்த இடமில்லாததால் பெயிண்டர் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார். காவி, மஞ்சள், நீலம், செங்கல், எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் முதுகைக் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கேமராவைத் தூக்கினாலும் இரண்டு கை அகலத்துக்கு மேல் படத்தில் வரவில்லை. கிடைத்ததும் கிடைக்காத மாதிரிதான். எனக்கு எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது.

கோமதி பின்னாலேயே வந்திருந்தார். "இதுவா உங்களுக்கு வேணும்?" என்றார்.

ஒன்பது வருடக் கதையைச் சொன்னேன். பஸ், மூன்று நிமிடம், இருநூறு படம், மழைக்கு மழை நீலம் வளர்வது. போனில் சில படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

பிறகு சுவரில் விரல் வைத்தார். "இந்த நீலம் பெரிய அத்தை கல்யாணத்துக்கு அடிச்சது. இந்த மஞ்சள் சின்ன அத்தைக்கு. மேல இருக்கிற காவி எங்க அப்பா அம்மா கல்யாணத்துக்கு. எங்க வீட்ல கல்யாணம்னாத்தான் மேடம் பெயிண்ட். பொங்கலுக்குக்கூட வாசப்படிக்கு மட்டும்தான் அடிப்பாங்க. அதுக்கப்புறம் எனக்கு அடிச்சிருக்கணும்."

நான் போனை வாங்கிப் பையில் போட்டேன்.

"எனக்கு வேணாம்னு முப்பது வயசுலயே சொல்லிட்டேன். யாரோ ஏமாத்திட்டாங்க, அப்படியெல்லாம் கதை இல்ல. எனக்கு வேணாம், அவ்ளோதான். இவங்க நம்பல. ஒவ்வொரு மழைக்கும் காரை விழும். 'அப்பா, கடைல அத்தனை டப்பா இருக்கு, அடிச்சிடலாம்பா'ன்னு நானே சொல்வேன். 'இருக்கட்டும்மா, விசேஷத்தோட சேர்த்து அடிச்சிக்கலாம்'பார். இந்த ஏரியால பாதி வீட்டுக்கு எங்க கடை பெயிண்ட்தான். எங்க வீட்டுக்கு மட்டும் கிடையாது."

"இப்ப மட்டும் எப்படி அடிச்சார்?"

"நீங்க போன் பண்ணீங்களே, அன்னிக்கு சாயங்காலம் டப்பா டப்பாவா வந்து எறங்குது. எதுக்குப்பான்னு கேட்டேன். 'வூட்டப் பாக்க வராங்கம்மா'ன்னார்." கோமதி கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "அந்தப் பச்சை, அம்மா எனக்குன்னு எப்பவோ ஷேட் கார்டுல எடுத்து வெச்சிருந்த கலர். உள்ள சொஜ்ஜி, பஜ்ஜி பார்த்தீங்க இல்ல?"

பார்த்தேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கிற தட்டு அது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டு முகம், அந்த வீட்டு முகம் என்று ஒன்பது வருடம் ஜன்னல் வழியாக ரசித்தேனே, நீலம் ஒரு சாண் பெரிதானது என்று சந்தோஷப்பட்டேனே, அந்த ஒவ்வொரு சாணும் உள்ளே இரண்டு பேருக்கு ஒரு வருடக் காத்திருப்பு. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாதுதான். ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கா? ரெண்டு வாரமா எனக்குத்தான் ரொம்ப நிம்மதி. ஒரு வழியா அடிச்சு முடிச்சாங்க" என்றார். பிறகு, "இந்தச் சுவரை எடுத்துக்கங்க மேடம். நெட்ல மட்டும் போடாதீங்க, அம்மா பார்த்தா மானம் போச்சுன்னுவாங்க" என்றார். எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றி எழுதச் சொன்னார்.

நாலரைக்கு வெயில் இறங்கி வீட்டு முகத்தில் விழுந்தது. சாலையோரம் டிரைபாடை வைத்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் கேமராவைத் தூக்கினால் குடும்பம் முழுக்க முன்னால் வந்து நிற்கும், பின்னால் இருக்கும் கட்டடம் தோள்களுக்கு நடுவில் துண்டு துண்டாகத் தெரியும். வசந்தா சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு படியில் வந்து நின்றார், கோமதியையும் கையைப் பிடித்து இழுத்தார். இன்றைக்கு இதையும் எடுத்துவிட்டுப் போவோம் என்று ஃபோகஸைச் சரிசெய்தேன்.

ஏகாம்பரம்தான் தடுத்தார். "நீ நவுரு வசந்தா. நம்மள எத்தினியோ தபா எடுத்தாச்சு. எல்லா ஆல்பத்துலயும் நாமதான் கீறோம், வூடு எதுலயும் முழுசா இல்ல. இன்னிக்கு வூட்டை மட்டும் எடுக்கட்டும்."

வசந்தா நகர்ந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, ஜன்னலுக்குக் கீழே வழிந்து காய்ந்திருந்த ஒரு சொட்டுப் பெயிண்டை நகத்தால் சுரண்டி, பட்டுச் சேலை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார். பதினைந்து நாளில் புல்டோசர் வரப்போகும் சுவர் அது. அதைப் பார்த்த பிறகு நான் ஒழுங்காக எடுக்க ஆரம்பித்தேன். சாய்வில்லாமல், விளிம்பெல்லாம் நேராக, கோழித்தலைக் கிளியும் தெரிகிற மாதிரி நாற்பது படம்.

வரையும்போது ஒரு சிக்கல். என் டப்பாவில் அந்தப் பச்சை இல்லை. எனக்கு அது எந்த நாளும் தேவைப்பட்டதில்லை. மஞ்சளையும் நீலத்தையும் எப்படிக் கலந்தாலும் வாழை இலைதான் வந்தது, கிளி வரவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் கடைக்குள் போனார். ஒரு டீ டம்ளரில் மிச்சப் பெயிண்டைக் கொண்டுவந்து வைத்தார். "தண்ணி கலந்துக்கலாம்மா, எமல்ஷன்தான்." சுவருக்கு அடித்த பெயிண்டையே தண்ணீர் விட்டுக் காகிதத்தில் அடித்தேன். அன்றைக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றும் என் கோடு நேராக வந்தது அந்த ஒரு படத்தில்தான். முடித்தபோது 6.10. காகிதம் காய்ந்ததும் அதை அவர்களிடமே கொடுத்துவிட்டேன், வாடகை வீட்டு ஹாலில் மாட்டப் போகிறார்களாம். போட்டோவை மட்டும் இங்கே போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லாதீர்கள்.

போக நினைப்பவர்களுக்கு: இந்த மூன்று இடங்களையும் ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் ஞாயிறு தவிர வேறு நாளில் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் டிரைபாடை எடுக்காதீர்கள். ஆட்டோவையும் சேர்த்து எனக்கு ஆயிரத்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தண்ணீரும் தொப்பியும் எடுத்துப்போங்கள். முகூர்த்த நாட்களை ஒட்டிப் போனால் பாதி வீடு பேனருக்குப் பின்னால்தான் இருக்கும், காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். யாராவது அளவு எடுக்கிறீர்களா என்று கேட்டால் முதலிலேயே நோட்டைத் திறந்து காட்டிவிடுங்கள். முன்கூட்டி போன் செய்து அனுமதி கேட்பதா, கேட்காமல் போவதா என்பதில்தான் எனக்கு இப்போது குழப்பம். கேளுங்கள் என்றுதான் மறுபடியும் சொல்வேன். கேட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

அந்தச் சந்துச் சுவரை இரண்டு கை அகலத்துக்கு எடுத்தேன். அது என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டப் போவதில்லை. அந்த முழுச் சுவர் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

மறுநாள் திங்கட்கிழமை காலை எங்கள் கம்பெனி பஸ் வழக்கம்போல் இரும்புலியூர் நெரிசலில் நின்றது. பக்கத்து இருக்கையில் என்னோடு வேலை பார்க்கும் ஷீலா. இத்தனை வருடமும் நான் அந்த வீட்டைக் காட்டினால் கொட்டாவி விட்டவள், அன்றைக்குத் தானாகவே என் தோளைத் தட்டினாள். "ஏய், அங்க பாரேன், எவ்ளோ அழகா பண்ணியிருக்காங்க. கல்யாண வீடு போல."

பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் வசந்தா கோலம் போட்டுக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடப் பெரிய கோலம்.

"ஆமாம்" என்றேன்.